ஏரிக்கரையில் ஆர்க்கெஸ்ட்ரா: டர்பனில் நம் வீடுகளில் கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தோறும் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். டர்பன் தாவரவியல் பூங்காவின் ஏரிக்கரையில் கச்சேரி என்று அறிவிப்பு வந்தால் போதும், வகுப்பு முடிந்ததும் பெற்றோரைப் பிடித்துக்கொள்வேன்: "வாங்க, எல்லாரும் சேர்ந்து போகலாம்." உடனே கேள்விகள் வரும். வருடா வருடம் அதே கேள்விகள்தான். இந்த முறை பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

ஆர்க்கெஸ்ட்ரா என்றால் கல்யாணத்தில் பாடுவார்களே, அதுவா?

இல்லை. கல்யாணத்திலும் கோயிலுக்குப் பணம் திரட்டும் விழாவிலும் கீபோர்டு, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள் என்று மேடையேறிப் பழைய சினிமாப் பாட்டுப் பாடும் குழுவைத்தான் நாம் ஆர்க்கெஸ்ட்ரா என்று சொல்லிப் பழகிவிட்டோம். டர்பனில் அந்தக் குழுக்களுக்கும் பெரிய பாரம்பரியம் உண்டு. நான் அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை.

இது சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. அறுபது, எழுபது பேர் ஒரே மேடையில் உட்கார்ந்து, இசை எழுதிய தாளைப் பார்த்து வாசிப்பார்கள். பாதிக்கு மேல் வயலின் குடும்பம். அதற்குப் பின்னால் குழல்கள், அப்புறம் பித்தளைக் கருவிகள், கடைசி வரிசையில் தோல் கருவிகள். நம் ஊருக்கென்று இருக்கும் குழு க்வாஸூலு-நடால் ஃபில்ஹார்மோனிக். 1983இல் நடால் ஃபில்ஹார்மோனிக் என்ற பெயரில் தொடங்கியது. பல காலமாக அவர்கள் வாசித்துவந்தது டர்பன் சிட்டி ஹாலில், அதாவது பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தைப் பார்த்துக் கட்டி 1910இல் திறந்த அந்த வெள்ளைக் கட்டடத்தில். ஏரிக்கரைக்கு வரும்போது சிட்டி ஹாலின் விறைப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

ஏன் அந்தத் தோட்டத்தில்? கடற்கரையில் வைக்கக்கூடாதா?

கடற்கரையில் காற்றும் அலையும் இசையைத் தின்றுவிடும். பூங்காவில் ஏரி பள்ளத்தில் இருக்கிறது, சுற்றிலும் புல் சரிவு. மேடையைத் தண்ணீர்ப் பக்கம் போட்டுவிட்டால் சரிவே காலரியாகிவிடுகிறது.

ஆனால் எனக்கு அந்த இடத்தின் மேல் பிரியம் வேறு காரணத்தால். அந்தத் தோட்டம் 1849இல் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் இன்றும் நீடிக்கும் தாவரவியல் பூங்காக்களில் அதுவே மிகப் பழையது. முதலில் அதை அழகுக்காகப் போடவில்லை. எந்தப் பயிர் இந்த மண்ணில் வரும் என்று பரிசோதிக்கத்தான் போட்டார்கள். அப்படிச் சோதித்த பயிர்களில் கரும்பும் ஒன்று. 1851இல் எட்மண்ட் மோர்வுட் என்பவர் டர்பன் இருக்கும் நடால் பகுதியில் முதல்முதலாகச் சர்க்கரை காய்ச்சினார். கரும்பு பெருகியது, வெட்ட ஆள் வேண்டியிருந்தது. 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் 342 பேரோடு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். நாம் இந்த ஊரில் இருப்பதற்குக் காரணமான பயிரைச் சோதித்துப் பார்த்த மண்ணில்தான் பாய் விரித்து உட்காரப் போகிறோம். அதை நினைக்காமல் அந்த வாசலைத் தாண்ட எனக்கு வராது.

சீக்கிரம் போனால் ஒரு மரத்தையும் பார்த்துவிடுங்கள். பனை மாதிரித் தெரியும், ஆனால் சைக்காட் இனம். மெட்லி வுட் என்ற தாவரவியலாளர் 1895இல் ஓன்கோயே காட்டில் கண்டுபிடித்தது. ஆண் மரம். அதற்கு ஒரு பெண் மரம் உலகத்தில் இன்றுவரை கிடைக்கவில்லை. உலகம் முழுக்கத் தோட்டங்களில் இருப்பவை எல்லாம் அந்த ஒரே மரத்தின் கன்றுகள். என் வகுப்புப் பிள்ளைகள் ஏரிக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

இலவசமா?

சாதாரண நாட்களில் பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை. கச்சேரி நாள் வேறு. ஏரிக்கரைக் கச்சேரிகளுக்கு டிக்கெட் இருப்பதுதான் வழக்கம். யாராவது புரவலர் செலவை ஏற்கும் நாட்களிலும் நகர விழா நாட்களிலும் திறந்தவெளி இசை இலவசமாகக் கிடைக்கும். எனவே ஒவ்வொரு அறிவிப்பிலும் இந்த ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: "நுழைவு இலவசம்" என்று இருக்கிறதா, இல்லையா. இலவசம் என்றால் இடம் முன்னால் வருபவர்களுக்குத்தான்.

மற்ற ஊர்களில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். ஜோஹானஸ்பர்க் ஸூ லேக் ஏரிக்கரையில் வசந்தகாலக் கலைவிழாவின்போது இலவச ஜாஸ் கச்சேரி நடத்துவது வழக்கமாக இருந்திருக்கிறது. கேப் டவுனில் டி வால் பார்க்கில் கோடை ஞாயிறுகளில் இலவச இசை நடந்ததுண்டு. ஸூ லேக் இருக்கும் நிலத்தை 1904இல் நகரத்துக்குத் தானமாகத் தந்தவர்கள் எல்லா இனத்தாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். இனஒதுக்கல் காலம் முழுவதும் அந்தப் பூங்கா எல்லாருக்கும் திறந்தே இருந்ததற்கு அந்தப் பத்திரம்தான் காரணம்.

இலவசமாக வாசித்தால் அவர்களுக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்?

நல்ல கேள்வி. நகராட்சி, மாகாண அரசு, லாட்டரி நிதி, கம்பெனிகள், தனி மனிதர்கள் என்று பல கைகள் சேர்ந்துதான் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா நிற்கிறது. ஒரு கை விலகினால் ஆட்டம் கண்டுவிடும். ஜோஹானஸ்பர்கில் இருந்த நேஷனல் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் மூடிவிட்டார்கள். அதில் வாசித்தவர்கள் சேர்ந்து அதே ஆண்டு ஜோஹானஸ்பர்க் ஃபில்ஹார்மோனிக்கை எழுப்பினார்கள். அதனால் இலவசக் கச்சேரிக்குப் போவதை ஓசி என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புல்வெளி நிறைந்திருக்கிறது என்பதைக் காட்டித்தான் அடுத்த வருடத்துக்குப் பணம் கேட்க முடியும். நீங்கள் வந்து உட்காருவதே ஒரு பங்களிப்பு.

இது வெள்ளைக்காரர்கள் இசை. நமக்கு என்ன புரியும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இந்தப் பக்கத்தையே எழுதினேன்.

முதலில் "நமக்கில்லை" என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். என் தாத்தா மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். டர்பன் நகரத்துக்குக் குப்பை அள்ளியும் தோட்டம் பராமரித்தும் உழைத்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. 1960களில் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பாண்டு வாசிக்கும் பூங்காவில் தாத்தா புல் வெட்டியிருக்கிறார். அங்கே பெஞ்சில் உட்கார அவருக்கு உரிமை இல்லை. பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த, 1953இல் வந்த தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் ரத்தானது. "சத்தம் மட்டும் வேலி தாண்டி வரும்" என்பார். அந்த இசை நமக்கு அந்நியமாகத் தெரிவதற்கு வேலியும் ஒரு காரணம். இப்போது வேலி இல்லை.

இரண்டாவது, உண்மையிலேயே அது அவ்வளவு அந்நியமா? மேடை நடுவில், குழல் வரிசையில் ஓபோ என்று ஒரு கருவி இருக்கும். கறுப்பு மரக்குழல். அதன் நுனியில் இரண்டு நாணல் இதழ்களைச் சேர்த்துக் கட்டிய சிறு துண்டு. நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரியே இரட்டை நாணல். ஓபோ வாசிப்பவர் உதட்டுக்குள் அதை வைத்து ஊதும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், தூரத்தில் யாரோ மெல்லிய நாதஸ்வரம் வாசிப்பது போலவே இருக்கும். இரண்டும் ஒரு குடும்பம். நம்முடையது ஆச்சா மரம். அவர்களுடையதற்குப் பெரும்பாலும் மொசாம்பிக், தான்சானியா பக்கம் வளரும் கருமரம். ஆப்பிரிக்க மரம்தான் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பி வருகிறது.

வயலின் கதை இன்னும் நெருக்கம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். அண்ணனோ கோட்டைப் பட்டாளத்து பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ட்ரூரோ கப்பல் கிளம்புவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அதே சென்னைக் கரையில் இந்த இரண்டு இசைகளும் கைகுலுக்கிவிட்டன.

புரிவது பற்றிக் கவலை வேண்டாம். ஒரே ஒரு வழி சொல்கிறேன். முதல் இரண்டு நிமிடம் ஒரு மெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அது எந்தக் கருவிக்குப் போகிறது, எப்போது வேறு உடுப்புப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது என்று பின்தொடருங்கள். பல்லவியை வித்வான் விதவிதமாகச் சுற்றி வருவாரே, அதைக் கேட்கும் காதே போதும்.

ஆரம்பத்தில் ஏதோ கத்துவது போல எல்லாரும் ஒரே சுரம் வாசிக்கிறார்களே?

சுருதி சேர்க்கிறார்கள். ஓபோ ஒரு சுரம் கொடுக்கும், வினாடிக்கு 440 அதிர்வு என்பது பொது அளவு. மற்றவர்கள் அதோடு சேருவார்கள். வெளியில் இது சிரமமான வேலை. வெயில் ஏற ஏற குழல்களின் சுருதி மேலே போகும், வயலின் தந்திகள் தளர்ந்து சுருதி கீழே இறங்கும். டர்பன் ஈரப்பதம் வேறு மரத்தை ஊத வைக்கும். அதனால் இடையில் இன்னொரு முறை சுருதி சேர்த்தால் பொறுமையாக இருங்கள். தாளை மேடையில் துணிக் கிளிப் போட்டுப் பிடித்திருப்பதையும் பார்ப்பீர்கள். காற்றுக்காகத்தான்.

எந்த மாதம், எந்த நேரம்?

பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தொடங்கி மாலையோடு முடியும். வசந்தத்திலும் கோடையிலும் நடக்கும். சென்னையில் மார்கழி என்றால் சால்வை போர்த்திக்கொண்டு சபாவுக்குப் போவார்கள். நமக்கு மார்கழி நடுக் கோடை. சூரியன் மறைய ஏழு மணி ஆகும். ஆக, மார்கழிக் கச்சேரி நமக்கும் உண்டு, வேர்வையோடு.

மழையைப் பற்றி: கோடையில் நம் ஊரில் மதியம் மூன்று, நான்கு மணிக்கு இடி இடித்துக் கொட்டித் தீர்ப்பது சகஜம். முதல் முறை நான் குடும்பத்தோடு போனபோது இரண்டாவது உருப்படியிலேயே மழை பிடித்துக்கொண்டது. அம்மா கொண்டுவந்த பாயைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு ஓடினோம். அதற்குப் பிறகு எப்போதும் வண்டியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கும். தூறலுக்கெல்லாம் கச்சேரி நிற்காது, மேடைக்குக் கூரை உண்டு. மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். அது சரிதான்.

எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்?

மேடைக்கு ஒட்டி இடம் பிடிக்க எல்லாரும் ஓடுவார்கள். வேண்டாம். மிக அருகில் போனால் முன்வரிசை வயலின்தான் காதில் விழும், பின்னால் இருக்கும் குழல்கள் அமுங்கிவிடும். சரிவில் பாதி உயரத்தில், மேடைக்கு நேராக, இரு பக்க ஒலிபெருக்கிகளுக்கும் நடுவில் உட்காருங்கள்.

மண்டபத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பித் தருகின்றன. வெளியில் சுவர் இல்லை, தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் தெளிவாகக் குறையும். அதனால்தான் மைக் வைக்கிறார்கள். மைக் வைத்தால் அசல் இல்லை என்று சிலர் குறை சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை, கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி இல்லாமல் ஊர்வலம் போன காலம் போய்விட்டதே. ஆனால் தூரத்தில் உட்கார்ந்தால் ஒரு வேடிக்கை உண்டு. ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். எழுபது மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு டிம்பனி முரசில் குச்சி விழுவது முதலில் தெரியும், ஒலி ஒரு இமைப்பொழுது பின்னால் வரும். ஒலிபெருக்கிச் சத்தம் குறைவாக இருக்கும் பகுதிகளில் இதைக் கவனிக்கலாம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டால் கச்சேரி முழுக்க அந்த முரசைத்தான் பார்ப்பார்கள்.

பொழுது சாய்ந்ததும் இன்னொன்று நடக்கும். தண்ணீருக்கு மேலிருக்கும் காற்று குளிர்ந்து, மேலே சூடான காற்று நிற்கும். அப்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே வரும். அக்கரையில் இருப்பவர்களுக்குக்கூடத் திடீரென்று தெளிவாகக் கேட்கும். அந்த நேரத்துக்காகவே நான் கடைசி உருப்படி வரை எழுந்திருக்க மாட்டேன்.

ஹதீதா பறவைகளும் அந்த நேரத்தில்தான் கூட்டுக்குத் திரும்பும். மெல்லிய வயலின் பகுதியில் சரியாக மேலே பறந்து கத்தும். ஏரியில் கூழைக்கடாக்கள் சத்தமில்லாமல் இருக்கும், அதுவரைக்கும் நிம்மதி.

சாப்பாடு கொண்டுபோகலாமா?

கொண்டுபோங்கள். ரொட்டியில் பீன்ஸ் கறி சுருட்டியது, வடை, சமூசா எல்லாம் கையில் எடுத்துச் சாப்பிட வசதி. ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பும் பன்னி சௌ ருசிதான், ஆனால் குழம்பு புல்லிலும் புடவையிலும் வடியும். பிரியாணிப் பானையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், மூடி திறக்கும் சத்தமும் கரண்டிச் சத்தமும் அக்கம்பக்கத்தாருக்குப் பாவம். செப்டம்பர், அக்டோபரில் கச்சேரி வந்தால் புரட்டாசி விரதக்காரர்கள் நிறைய இருப்போம். அங்கே விற்கும் கடைகளில் சைவம் குறைவு, கட்டுச்சோறு நல்லது. கண்ணாடிப் பாட்டிலும் மதுவும் உள்ளே விடுவார்களா என்பது கச்சேரிக்குக் கச்சேரி மாறும், டிக்கெட்டிலோ அறிவிப்பிலோ பார்த்துக்கொள்ளுங்கள். குரங்கு வந்தால் பையின் வாயை மூடுங்கள், அவ்வளவுதான்.

எப்போது கைதட்டுவது? தப்பாகத் தட்டிவிட்டால்?

நீண்ட உருப்படிகள் மூன்று, நான்கு பகுதிகளாக இருக்கும். நடுவில் ஓர் அமைதி வரும். மண்டபத்தில் அப்போது தட்டக்கூடாது என்பது வழக்கம். ஏரிக்கரையில் யாரும் முறைக்க மாட்டார்கள். நடத்துனரின் கை முழுதும் கீழே இறங்கி அவர் நம் பக்கம் திரும்பினால் தட்டுங்கள். நன்றாக இருந்தால் பலமாகத் தட்டுங்கள். "சபாஷ்" என்று என் மாமா ஒருமுறை உரக்கச் சொன்னார். ஒரு வயலின்காரர் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். மாமா அந்த வாரம் முழுக்க அதைத்தான் பேசினார்.

என்ன வாசிப்பார்கள்?

வெளியில் கனமான சிம்பொனிகளை முழுதாக வாசிப்பது குறைவு. வால்ட்ஸ், அணிவகுப்பு மெட்டு, நாடக முன்னிசை, சினிமா இசை இருக்கும். பாப், ஜாஸ் பாடகர்களோடு சேர்ந்து வாசிக்கும் நாட்களும் உண்டு. தண்ணீருக்காகவே எழுதிய இசை ஒன்றும் இருக்கிறது. 1717 ஜூலையில் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜார்ஜ் தேம்ஸ் நதியில் படகில் போக, இன்னொரு படகில் ஐம்பது பேர் ஹாண்டெல் என்ற இசையமைப்பாளரின் இசையை வாசித்தார்கள். அரசருக்குப் பிடித்துப்போய்த் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். நிகழ்ச்சி நிரலில் ஹாண்டெல் பெயர் பார்த்தால் தவறவிடாதீர்கள்.

பாட்டியை அழைத்துவரலாமா? கைக்குழந்தை?

கட்டாயம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கு மடக்கு நாற்காலி கொண்டுவாருங்கள், ஆனால் பின்பக்கமோ ஓரமோ போடுங்கள், பாயில் இருப்பவர்களுக்கு மறைக்கக்கூடாது. சரிவில் சக்கர நாற்காலி தள்ளுவது கஷ்டம், பாதையை ஒட்டி இடம் பாருங்கள். குழந்தை அழுதால் எழுந்து மரத்தடிக்குப் போய்விட்டு வரலாம். சிட்டி ஹாலில் அது நடக்காது, இங்கே நடக்கும்.

எப்படி வருவது?

சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் டாக்ஸியில் வாரிக் வரை வந்து, அங்கிருந்து பெரியா சரிவில் ஏறினால் பூங்கா. பகலில் நடக்கலாம். திரும்பும்போது இருட்டிவிடும், நடக்க வேண்டாம். நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம்.

கேட்டுவிட்டு வந்து என் பிள்ளை வயலின் வேண்டும் என்கிறது. என்ன செய்வது?

உடனே வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். பிள்ளை வளர வளர வயலின் அளவும் மாற வேண்டும். இந்த நாட்டில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்த இசை என்று யாராவது சொன்னால் சோவெட்டோவின் பஸ்கெய்டைச் சொல்லுங்கள். 1997இல் டீப்க்ளூஃபில் தொடங்கிய தந்திக் கருவிப் பள்ளி, அதன் பிள்ளைகள் வெளிநாட்டு மேடைகளில் வாசித்திருக்கிறார்கள். கர்நாடக வயலின் ஏற்கெனவே கற்கும் பிள்ளை என்றால் உட்காரும் முறையும் பிடிக்கும் முறையும் மாறும், காதும் விரலும் வீணாகாது.

அதற்கெல்லாம் முன், இடைவேளையில் பிள்ளையை மேடைப் பக்கம் கூட்டிப்போங்கள். வாசிப்பவர்களில் பலர் பிள்ளைகள் கேட்டால் கருவியைக் காட்டுவார்கள். போன முறை என் வகுப்பில் படிக்கும் ஒன்பது வயதுப் பெண், ஓபோ வாசிப்பவர் ஒரு குட்டி டப்பாவில் தண்ணீர் வைத்து நாணலை ஊறவைத்திருப்பதைப் பார்த்தாள். என்ன இது என்று அவள் கேட்கவில்லை. "சீவாளி" என்றாள். அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. கோயிலில் நாதஸ்வரக்காரர் கழுத்துச் சரட்டில் கட்டித் தொங்கவிட்டிருப்பதை இங்கிலீஷும் சைகையுமாக அவள் விளக்க, அவர் மண்டியிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்து எல்லாரும் இடத்துக்குத் திரும்பிய பிறகும் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.